பவுடர் போட்டால் வரைய மாட்டார்

தலை வாரி, பவுடர் போட்டு, பெட்டியிலிருந்து எடுத்த சட்டையில் வந்து எதிரில் நின்றால் அவர் தன் வண்ணப் பெட்டியை மூடிவிடுவார். சிரித்துக்கொண்டேதான் மூடுவார், கோபமெல்லாம் கிடையாது. நின்றவர் சலித்துப்போய், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ போனில் யாரையாவது திட்டவோ போன பிறகு மெதுவாகப் பெட்டி திறக்கும். அதுவரை எத்தனை மணி நேரமானாலும் சரி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெயிலில் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்துகொண்டே போகும்.

இத்தாலிக்காரர். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் 'படக்காரர்' என்றால் டீக்கடையில் கைகாட்டுவார்கள். அவர் மனைவி இன்ஜினியர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அவர்கள் நாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்திறங்கின. அவற்றைப் பொருத்தி ஓடவிட்டுப் போக ஒன்றரை வருட வேலை. மனைவிக்கு வேலை இங்கே என்றதும் இவரும் தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். நான் அவர்களுக்கு டிரைவர். காலையில் மேடத்தைத் தொழிற்சாலையில் விட்டால் மாலை வரை வண்டியும் நானும் இவருக்கு.

டிராவல்ஸ் முதலாளி என்னிடம் கோயில்களைக் காட்டச் சொல்லியிருந்தார். முதல் வாரம் காஞ்சிபுரம் கூட்டிப்போனேன். கோபுரத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், வண்டியில் ஏறித் தூங்கிவிட்டார். திரும்பி வரும்போது வாலாஜாபாத் தாண்டி டயர் பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பார்த்தது அவ்வளவுதான், இவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஞ்சர் ஒட்டி முடித்தாயிற்று. டீ குடித்தாயிற்று. இவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கடைக்காரரே என்னிடம் வந்து, "அந்தாளு இன்னாப்பா, என் தொட்டியையே பாத்துகினு கீறாரு?" என்று கேட்டார். படத்தைப் பார்த்தபோது தொட்டித் தண்ணீரில் மிதந்த பீடித்துண்டுகூட இருந்தது.

அதற்குப் பிறகு கோயில் பேச்சை நான் எடுக்கவில்லை. காலையில் வண்டியில் ஏறியதும் கையை ஆட்டி, எங்கேயாவது, என்பார். நான் ஓட்டுவேன். எங்கே நிறுத்தச் சொல்வார் என்று அவருக்கே தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வலையைப் பிரிக்கும் மீன்காரரிடம் ஒருநாள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில், வாயைப் பிளந்து கொட்டாவி விடும் பெண்ணிடம் ஒருநாள். தென்காசிப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்வதை மூன்று ஞாயிறு வரைந்தார். என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "சும்மா" என்பார். அந்தச் சொல்லை நான்தான் கற்றுக்கொடுத்தேன். பிறகு அதை விடவே இல்லை. யாராவது அவரைக் கவனித்து நிமிர்ந்துவிட்டால், "வேலை, வேலை" என்று கையைக் காட்டுவார். நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம்.

என் இங்கிலீஷைவிட அவர் இங்கிலீஷ் மோசம். அதனாலேயே நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டோம். ஏன் இப்படிப் போயும் போயும் பஞ்சர் கடையை வரைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் நாட்டிலும் முன்காலத்தில் சாமியையும் ராஜாவையும் தேவதைகளையும் வரைந்தவர்களுக்குத்தான் மதிப்பாம். துணி துவைக்கிறவளையும் மீன் பொரிக்கிறவளையும் வரைந்தவர்களைக் கடைசி வரிசையில் வைத்தார்களாம். நான் அந்தக் கடைசி வரிசை என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். கவர்னர் என்று சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது அதைச் சொன்ன தோரணை.

தன் ஊரில் வரைந்த படங்களை என் போனுக்கு அனுப்பினார். முடிவெட்டும் கடை. சீட்டாட்டத்தில் சண்டை போடும் இரண்டு கிழவர்கள். சமையலறையில் ஒரு பெண் பட்டாணி உரிக்கிறாள், பூனை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி கலா அந்தப் பட்டாணிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "வெள்ளக்காரங்க வூட்லயும் ஒக்காந்து பட்டாணி உரிக்கிறாங்களா? நான் இன்னாமோ மிசின்னு நெனச்சேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் மனை புரோக்கர் ஒருவர் உண்டு. பாதி ஊரைப் பிளாட் போட்டு விற்றவர். தன்னை வரையச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், பின்னால் புதுக் கார். படக்காரர் வந்தார், நாற்காலியை விரித்தார், உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் விறைப்பாக நின்ற புரோக்கருக்கு இடுப்பு விட்டுப்போனது. வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, பாதத்திலிருந்த கால் ஆணியைச் சுரண்ட ஆரம்பித்தார். பெட்டி திறந்தது.

படத்தைப் பார்த்து அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அப்புறம் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டியதும் அந்த அம்மாதான். புரோக்கர் மூன்று தடவை என்னிடம் வந்தார். "ஆணி இருந்துட்டு போவட்டும்பா. ஒரு சட்டையாச்சும் மாட்டிவுடச் சொல்லு" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். படக்காரர் முடியாது என்றுவிட்டார். முடித்த படத்தில் ஒரு கோடு மாற்ற மாட்டார். லாரிகள் கிளப்பும் புழுதி ஈர வண்ணத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் அதைக்கூடத் துடைப்பதில்லை. அதுவும் அங்கே இருந்ததுதானே என்பார்.

இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்குள் வரும்வரை.

கலா அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். மேடம் வேலை பார்த்த அதே இடம். ஆனால் காண்ட்ராக்டில், சுத்தம் செய்வதும் பேக்கிங்கும். அவளோடு சேர்த்து ஏழு பெண்கள். கேன்டீன் நிரந்தர ஆட்களுக்கு மட்டும். இந்த ஏழு பேரும் மதியம் பின்பக்கக் கேட்டைத் தாண்டி, மதிலை ஒட்டி, இயந்திரங்கள் வந்த பெரிய மரப்பெட்டிகளின் நிழலில் அட்டையை விரித்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருந்தால் நானும் போய் அவளோடு நாலு வாய் சாப்பிடுவேன். அப்படி ஒருநாள் போனபோது வண்டியில் இருந்த படக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் மதியம் அங்கேதான். எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் நாற்காலி. முதல் சில நாள் பெண்கள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து, சோற்றைக் கொறித்தார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது வாரம் அவர்களுக்கு மறந்துவிட்டது. "அந்தாளு எல்லைக்கல்லு மாரி ஆயிட்டாரு" என்றாள் கலா. அப்புறம்தான் வரைந்தார். சின்ன நோட்டில் ஒரு மாதம் கிறுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில்.

நான்கு பெண்களுக்கு முதுகு. மூன்று பேருக்கு முகம். நடுவில் கலா, வாய் நிறையச் சோறோடு எதற்கோ சிரிக்கிறாள். வலப்பக்கம் ராணியக்கா டப்பாவைச் சாய்த்துக் கடைசிப் பருக்கைகளை வழிக்கிறது. இடப்பக்கம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த மாரிச்செல்வி, ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, மரப்பெட்டியில் சாய்ந்துகொண்டு எங்கேயோ பார்க்கிறாள். கலா அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

புது உற்பத்தி லைன் திறப்பு விழாவுக்கு இத்தாலியிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். தொழிலாளர்களைப் பற்றி உங்கள் கணவர் ஒரு படம் தந்தால் வரவேற்பறையில் மாட்டலாம் என்று நிர்வாகத்தில் மேடத்திடம் கேட்டிருந்தார்கள். இவர் இந்தப் படத்தைத் துணி சுற்றிக் கொடுத்துவிட்டார். விழா அன்று காலை துணியை எடுத்தால் இது. அட்மின் அதிகாரிக்கு வியர்த்துவிட்டதாம். வந்திருந்தவர்களில் பெரியவர் ஒருவர் படத்தின் முன்னால் நின்று, நின்று, இது எந்த இடம் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி சமாளித்து, பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் ஒன்றாகக் கூடிச் சாப்பிடும் திருவிழா என்று சொல்லியிருக்கிறார். படக்காரர் அந்தப் பெரியவரைப் பார்த்து, திருவிழா இல்லை, உங்கள் பின்பக்கக் கேட்டுக்கு வெளியே, ஐம்பது அடி நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். பெரியவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார்.

அன்று மாலை வண்டியில் படக்காரர் விசில் அடித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனால் கலா விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரிந்த மூன்று பேரையும் நாளையிலிருந்து வர வேண்டாம், சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை அவரிடம் நான் பேசவில்லை. எங்கே போகலாம் என்றார். ஓட்டினேன். மறுபடி கேட்டார். படப்பை வரைக்கும் போய்விட்டோம். அப்புறம் ஓரமாக நிறுத்திச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாகரிகமாகச் சொல்ல வரவில்லை. உங்களுக்குப் படம், எங்களுக்கு வேலை போச்சு என்றேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் அப்படியே நின்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. திரும்பி வந்து ஏறியபோது கிழவர் மாதிரி இருந்தார். அறுபது தாண்டியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் வீட்டுக்குப் போ என்றார்.

கலாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் வேண்டாம் என்றுவிட்டார். படத்தைத் திரும்ப வாங்கி மூன்று முகங்களையும் அழித்து முதுகாக மாற்றிவிடுகிறேன், அவர்களிடம் நான் இட்டுக்கட்டி வரைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். நான் கலாவுக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஆச்சரியம். புரோக்கருக்கு ஒரு சட்டை போட மறுத்த மனுஷன்.

கலா என்னைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்தே சொன்னாள், அவருக்குத் தமிழ் தெரிகிற மாதிரி.

"அழிச்சிட்டா நான் அங்க ஒக்காந்து துன்னது இல்லன்னு ஆயிடுமா சார்? நான் இன்னா திருடிகினா இருந்தேன், சோறுதான துன்னேன். என் மூஞ்சி இருக்கட்டும். அதுல நல்லாத்தான் கீறேன்."

நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கலா இன்னொன்றும் சொன்னாள். "ஆனா எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். மத்த ரெண்டு பேரயும் போய்க் கேளுங்க. அவங்க மூஞ்சி அவங்குளுது."

அப்படித்தான் அந்த மனுஷன், யாரையும் கேட்காமல் ஊரையே வரைந்தவர், வீடு வீடாகக் கேட்கப் போனார். ராணியக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. "மூஞ்சி எப்டியோ இருந்துட்டு போவுது. டப்பால சோறு அடிமட்டமா கீது பாரு, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? ஒரு கரண்டி சேத்துப் போடச் சொல்லு" என்றது. அவர் ரொம்ப மரியாதையாக நோட்டில் குறித்துக்கொண்டார்.

மாரிச்செல்வி ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நின்றாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

"அழிச்சிரச் சொல்லுங்கண்ணே. நான் ஏசி கேன்டீன்ல சாப்பிடுதேன்னுதான் எங்கம்மாட்ட சொல்லியிருக்கேன். யாராச்சும் போன்ல போட்டு, அம்மா பாத்துட்டான்னா தாங்க மாட்டா."

வண்ணம் இன்னும் காயவில்லை என்று சொல்லிப் படக்காரர் தொழிற்சாலையில் படத்தைத் திரும்பக் கேட்டார். அட்மின் அதிகாரி தாமே தூக்கி வந்து வண்டியில் வைத்தார், திரும்பவே கொண்டுவர வேண்டாம் என்பது போல. படக்காரர் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாரிச்செல்வியின் முகத்தைக் கீழே குனிய வைத்து, முடி முன்னால் விழுவது மாதிரி மாற்றினார். ராணியக்காவுக்குச் சோறு சேர்த்தார்.

இதற்குள் தொழிற்சாலையில் வேறொன்று நடந்தது. படத்தில் முதுகு மட்டும் தெரிந்த நாலு பெண்களும், அந்த மூணு பேர் வராமல் நாங்களும் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் ஒரு வாரம் தங்குகிறார்கள், கழிப்பறை கழுவ ஆளில்லை, பேக்கிங் பெட்டிகள் வழியில் குவிந்து கிடக்கின்றன. போதாததற்கு அந்தப் பெரியவர் தினமும் மதியம் பின்பக்கக் கேட்டுக்குப் போய் மதிலோரம் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் காண்ட்ராக்டரே கலாவுக்குப் போன் செய்தார். குரல் வெல்லமாக இருந்தது. ஏழு பேரும் போனார்கள். அடுத்த மாதத்திலிருந்து காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஒன்றரை மணிக்குக் கேன்டீனில் இரண்டாவது பந்தி. படக்காரர் திருத்திக் கொண்டுவந்த படத்தை வரவேற்பறையில் மாட்ட மனமில்லாமலும், பெரியவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்திலும், கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது எதிர்ச் சுவரில் தானே மண்ணில் உட்கார்ந்து சாப்பிடுவது வேடிக்கையாக இருக்கிறது என்பாள் கலா.

ஒப்பந்தம் முடிந்து அவர்கள் ஊருக்குப் போனார்கள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் டர்பன்டைன் வாடை. என் வண்டியின் பின்சீட்டில் அந்த வாடை இன்னும் போகவில்லை. அவர் அங்கே போனபின் பழகிக்கொண்ட புதுப் பழக்கத்தை மேடம் ஒருதடவை போனில் சொன்னார்கள். இப்போதெல்லாம் வரைந்து முடித்ததும் எழுந்து போய், இது நீதான், வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாராம். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்களாம். கிழித்துக் கொடுத்துவிட்டு வருகிறாராம்.

போன வருடம் தொழிற்சாலையில் குடும்ப நாள் வைத்தார்கள். மாரிச்செல்வி இப்போது லைனில் நிரந்தரம். அவள் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்திருந்தாள். நானும் கலாவோடு போயிருந்தேன். கேன்டீனைச் சுற்றிக் காட்டும்போது அந்த அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மாரிச்செல்வி, வாம்மா, ஐஸ்கிரீம் தருகிறார்கள் என்று இழுத்தாள். அவர் நகரவில்லை. முகமே இல்லாத அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த காலையும் நீட்டிய காலையும்.

"சின்னப்புள்ளைல இருந்து நீ இப்படித்தானட்டி உக்காருவ" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணுலயா உக்காந்திருந்த?"

"கொஞ்ச நாளுதாம்மா."

அந்த அம்மா அழவில்லை. டப்பாவில் என்ன குழம்பு என்று கேட்டார். புளிக்குழம்பு என்றாள் மாரிச்செல்வி.

அங்கேயே ஓரமாக நின்று படக்காரருக்குப் போன் போட்டேன். முகத்தை அழித்தும் அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னேன். வருத்தப்படுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரளும் ஓசை. அந்த அம்மா இப்போது எப்படி நிற்கிறார், அவர் கை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அதைக் கலாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாள். "ஒரு கை இடுப்புல கீது சார். இன்னொரு கையால மாரியப் புடிச்சினுகீறாங்க. இருங்க, மொதல்ல அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்."